பின்னோக்கிய இருக்கை

பின்கண்ணாடியில் மட்டும், அதுவும் உட்புறத்தில், உறைபனி படிந்திருந்தது.

ஒட்மூண்ட் காபிக் கோப்பையோடு கொட்டகை வாசலில் நின்றபடி அதைப் பார்த்தான். எல்வெரும் ஊர்ப் பக்கத்துக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடிக்கு வெளியே படிந்தால் அது வானத்தின் வேலை. உள்ளே படிந்தால் அது மூச்சு. யாரோ காருக்குள் நெடுநேரம் உட்கார்ந்து மூச்சுவிட்டால்தான் அப்படி உறையும். கார் பூட்டியிருந்தது. சாவி அவன் பையில் இருந்தது. மற்ற கண்ணாடிகள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி காய்ந்து கிடந்தன.

எங்கேயோ ஈரம் தங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். பின்கதவைத் திறந்து நகத்தால் சுரண்டினான். வெள்ளைச் சுருள்கள் மணிக்கட்டில் விழுந்து கரைந்தன. உள்ளேயிருந்து நனைந்த கம்பளியின் வாடை வந்தது. அதற்கு அடியில், மெலிதாக, அப்போதுதான் உரித்த ஆரஞ்சுப் பழத்தின் வாசனை.

அவன் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். ஐம்பத்தைந்து வயது, கதவு நிறைய உடம்பு. அவனுடைய வெகுநாள் ஆசை அந்தக் கார். அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த அமெரிக்க ஸ்டேஷன் வேகன், படகு போல நீளமானது, இரண்டு பக்கமும் மரப்பலகை போலத் தோன்றும் தகடு. உள்ளே மூன்று வரிசை இருக்கைகள். மூன்றாவது வரிசை மட்டும் பின்பக்கம் பார்த்து இருக்கும். வேண்டாதபோது மடக்கித் தரையோடு தரையாக வைக்கலாம். நிமிர்த்தினால் இரண்டு பேர் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, பின்கண்ணாடி வழியாக ஓடி மறையும் சாலையைப் பார்த்தபடி உட்காரலாம்.

கப்பலில் கார் வந்து இறங்கியதும் பழைய கார் சங்கத்தில் எல்லோரிடமும் பெருமை பேசியிருந்தான். அரிசோனா பாலைவனத்துக் கார், ஒரு பொட்டுத் துரு கிடையாது, தண்ணீரையே பார்க்காத வண்டி. அப்புறம் பின்கதவின் உள்பலகையைக் கழற்றினான். கறுப்பு வண்டல் பொலபொலவென்று முழங்காலில் கொட்டியது. அதற்குள் தலைமுடி போல நைந்த நீர்ச்செடிகள். எந்த ஆற்றிலோ எந்த ஏரியிலோ இந்தக் கார் நெடுங்காலம் முழுகிக் கிடந்திருக்கிறது. நன்றாக ஏமாந்திருக்கிறான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வண்டலை வாளியில் அள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் பனிக்குள் புதைத்தான், திருடியதைப் புதைக்கிறவன் போலச் சுற்றும் முற்றும் பார்த்தபடி.

"என்னடா, பாலைவனத்து ராணி எப்படி இருக்கா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கோரே கத்துவான். கோரே அண்டை வீட்டுக்காரன், சங்கத்தின் தலைவன், ஊரில் யார் சறுக்கி விழுந்தாலும் முதலில் சிரிக்கிறவன்.

"ஜம்முனு இருக்கா" என்பான் ஒட்மூண்ட்.

டிசம்பரில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து கொட்டகை விளக்கைப் போடுவான். அது நான்கைந்து முறை சிமிட்டிவிட்டுத்தான் எரியும். அந்தச் சிமிட்டலில் ஒருநாள் பார்த்தான். மடக்கி வைத்திருந்த மூன்றாவது இருக்கை நிமிர்ந்து நின்றது.

சுருள்கம்பி பழசு என்று மடக்கினான். மறுநாளும் நிமிர்ந்திருந்தது. கயிறு போட்டுக் கட்டினான். அடுத்த நாள் கயிறு அவிழ்ந்து, ஒழுங்காகச் சுருட்டப்பட்டு, இருக்கையின் மேலேயே இருந்தது.

பிறகு சத்தம். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இரும்புத் தூள் முகமூடி மேல் சாம்பலாக உதிர்ந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. கூரையில் பனி தன் பாரத்தை மாற்றி மாற்றிப் படுத்துக்கொண்டது. இந்த ஓசைகளுக்கு நடுவே தலைக்கு மேலே, பின்பக்கத்தில், ஒன்று கேட்டது. தொப். தொப். தொப். தரைக்குக் கால் எட்டாத குழந்தை உட்கார்ந்த இடத்தில் குதிகாலால் இருக்கையை உதைக்கிற சத்தம். அவசரமில்லாத சத்தம். யாருக்காகவோ காத்திருந்து சலித்துப்போன சத்தம்.

தேய்ப்பதை நிறுத்தினான். அதுவும் நின்றது.

சனிக்கிழமை சங்கக் கூடத்தில் வாஃபிளும் காபியுமாக உட்கார்ந்திருந்தபோது, எதையோ விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தான். "அந்தப் பின்சீட்டு இருக்கே, தானா எழுந்துக்குதுடா."

கோரே வாயிலிருந்த காபியை விழுங்கினான். "எங்க வீட்ல காலைல தானா எழுந்துக்கறதுக்கு ஒரு ஜீவன் கிடையாது. அந்தச் சீட்டைக் கொஞ்ச நாள் இங்க அனுப்பேன்."

மேசை முழுக்கச் சிரிப்பு.

"இல்லடா, நிஜமாவே..."

"பயமா இருக்கா ராஜா? சொல்லு, நான் வந்து கையப் புடிச்சுக்கறேன். தாலாட்டு வேணும்னா பியோர்க்கையும் கூட்டிட்டு வரேன்." பியோர்க் அவன் மனைவி. அவளும் சிரித்தாள். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் ஒட்மூண்ட்தான். காது மடல்கள் எரிந்தன.

அந்த எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனான். பின்கதவைத் திறந்து, தன் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தான். இதோ, ஒன்றுமில்லை. இரும்பு, நார், கிழிந்த ரெக்சின். கதவு தன் எடையில் மெல்லக் கீழிறங்கிச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் கொட்டகைச் சுவரில் தொங்கிய ஸ்பானர்கள். அடுப்பு அணைந்திருந்தது. தன் மூச்சு வெண்புகையாகப் போவதைப் பார்த்தான்.

இரண்டு புகைகள் போயின.

பக்கத்து மெத்தை மெல்ல அழுந்தியது. ரெக்சின் முனகியது. ஆரஞ்சு வாசனை. ஈரக் கம்பளி. தோளுக்கும் கீழே, முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பாரம் சாய்ந்தது. குளிர் அல்ல. குளிரைவிட மோசம். தூக்கம் வந்த குழந்தை சாய்வதுபோல, நம்பிச் சாய்ந்தது.

அவனால் திரும்ப முடியவில்லை. கத்த முடியவில்லை. தொடையில் சூடு பரவுவதை உணர்ந்தான். அது என்னவென்று புரிய ஒரு நொடி ஆனது.

எப்படி வெளியே வந்தான் என்பது நினைவில்லை. கொட்டகை மூலைத் தொட்டியில், ஐஸ் மிதக்கும் தண்ணீரில், அரை அம்மணமாக நின்று தன்னைக் கழுவிக்கொண்டான். லாரி ஓட்டுகிற, கரடியைச் சாலையில் பார்த்தும் ஹாரன் அடித்து விரட்டுகிற ஒட்மூண்ட், அழுதுகொண்டே தன் கால்சட்டையை அலசினான். ஆணியில் மாட்டி வைத்தான். எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சமையலறை ஜன்னலைத் தவிர்த்துச் சுற்றுவழியாக வீட்டுக்குள் நுழைந்தான்.

யூருன் அதைக் கண்டுபிடித்தாள். மனைவிகள் கண்டுபிடிப்பார்கள். கால்சட்டை ஆணியில் பலகை மாதிரி விறைத்துத் தொங்கியது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து சமையலறை மேசைமேல் வைத்தாள். அடுப்பில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒட்மூண்ட். குடிக்கிறியா?"

அவன் கால்சட்டையைப் பார்த்தான். அது உருகத் தொடங்கி மேசைவிரிப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றான்.

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "மறைக்காம சொன்னியே. அது போதும் எனக்கு."

குடிக்காத குடிக்கு மன்னிப்பு கிடைத்தது. அன்றைக்கு அவள் கண்ணை அவனால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகும்.

காரை விற்றிருக்கலாம். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருக்கலாம். ஆனால் மே மாதம் பதினேழாம் தேதி, தேசிய நாள் ஊர்வலத்தில், சங்கத்தின் சார்பில் பாலைவனத்து ராணிதான் எல்லோருக்கும் முன்னால் போகும் என்று கோரே அறிவித்துவிட்டான். ஊர்ப் பத்திரிகையில் படமும் வந்துவிட்டது. ஏன் விற்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

கதவைத் திறந்து போட்டு, வானொலியைச் சத்தமாக வைத்து, முதுகு எப்போதும் சுவர்ப்பக்கம் இருக்கும்படி நின்று வேலை செய்தான். பனி உருகி க்ளோம்மா ஆறு மண்நிறமாகப் பெருகியபோது சத்தங்கள் நின்றன. இருக்கை மடக்கிய இடத்திலேயே கிடந்தது. வாசனை போய்விட்டது. புதுச் சிவப்பு ரெக்சின் தைத்தான். எல்லாம் குளிர்காலத்து இருட்டின் வேலை, மண்ணெண்ணெய்ப் புகையின் வேலை என்று நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது.

பதினேழாம் தேதி காலையில் காரைத் துடைக்கப் போனான். இருக்கை நிமிர்ந்திருந்தது. பின்கண்ணாடியின் உட்புறத்தில், கீழ்மூலையில், சின்னதாக ஒரு மூச்சுப் படலம். படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

"தயாரா?" வாசலில் யூருனின் குரல்.

அவசரமாகச் சட்டைக் கையால் துடைத்தான்.

யூருன் தன் கறுப்புக் கம்பளித் திருவிழா உடையில் நின்றாள். பூவேலை செய்த பாவாடை, மார்பில் பெரிய வெள்ளிப் பதக்கம், நரைத்த பின்னல் முதுகில் நேராக. கையில் சின்னக் கொடி. பிர்ச் மரங்கள் அப்போதுதான் இலை விட்டிருந்தன. கோரேயும் பியோர்க்கும் வேலியைத் தாண்டி வந்தார்கள். கோரே முன்னால் ஏறிக்கொண்டான். பியோர்க்கின் பாவாடையே நடு இருக்கையை அடைத்துக்கொண்டது.

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள் யூருன். "நம்ம பின்னாடிதானே குழந்தைங்க ஊர்வலம் வருது? எல்லாரையும் பார்த்துக் கொடி ஆட்டுவேன்."

ஒட்மூண்ட் வாயைத் திறந்தான். கோரே அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

"என்னடா, பொண்டாட்டிய அங்க உக்கார வைக்கப் பயமா இருக்கா?"

"போடா" என்றான் ஒட்மூண்ட். பின்கதவை அவனே திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்ததும் அவனே சாத்தினான்.

ஊர் முழுக்க வெயில். பித்தளை வாத்தியங்கள். இரண்டு பக்கமும் கொடிகள். நடந்து வருகிறவர்களின் வேகத்துக்குக் கார் ஊர்ந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் யூருனின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். பின்னல் வகிடு. கழுத்து. கொடி ஆட்டும் கை. ஒன்றும் ஆகவில்லை. பாலம் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். குனிந்து, பக்கவாட்டில், மெல்ல.

"யாரு கூடப் பேசறா உன் ஆளு?" என்று கோரே கேட்டான்.

"பாட்டுதான் பாடறா" என்றான் ஒட்மூண்ட்.

ஆரஞ்சு வாசனை வந்தது. கோரே ஜன்னலை இறக்கினான். "பியோர்க், பழம் உரிக்கிறியா? எனக்கும் குடு."

"என்கிட்ட ஏது பழம்?" என்றாள் பியோர்க்.

கண்ணாடியில் யூருனின் தலைக்குப் பக்கத்தில், தாழ்வாக, கம்பளிக் குல்லாய் ஒன்றின் உச்சி தெரிந்தது. நனைந்திருந்தது. அது அவள்பக்கம் சாய்ந்தது. யூருன் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"யூருன்" என்றான்.

அவள் பேச்சு நின்றது. சட்டென்று. பாதிச் சொல்லில்.

பின்னால் வாத்தியம் பிசிறடித்து ஓய்ந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. இன்னொன்று.

பிரேக்கை மிதித்தான். இறங்கினான். காரின் பக்கவாட்டில் நடந்தான். நீளமான கார். முடிவே இல்லாத கார். முன்வரிசைக் குழந்தைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொடிகள் தரையில் கிடந்தன.

பின்கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். இங்கிருந்து அவள் முகம் தெரிய வேண்டும். மார்புப் பதக்கம் தெரிய வேண்டும்.

பின்னல் தெரிந்தது. நரைத்த வகிடு. கழுத்து. முதுகுத் தையல்.

குனிந்து காருக்குள்ளே, ஓட்டுகிறவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வரை பார்த்தான். அதில் தெரிந்ததும் பின்னல். அதே வகிடு. அதே முதுகு.

அந்தப் பக்கமும் முதுகு. இந்தப் பக்கமும் முதுகு.

அவள் தோளில் சின்னது ஒன்று சாய்ந்திருந்தது. குல்லாயிலிருந்து தண்ணீர் சிவப்பு ரெக்சினில் சொட்டியது. அது மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தது.

அந்தச் சின்னத் தலையில் யூருனின் முகம் இருந்தது. கண்ணோரச் சுருக்கங்களோடு. மூக்கில் மூக்குக்கண்ணாடித் தழும்போடு. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் அவனை விடவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தன.

"என்னடா ஆச்சு?" கோரே காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஊர்.

ஒட்மூண்ட் கதவைத் திறக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றினான். அதைக் கண்ணாடி மேல் விரித்து, தன் அகன்ற முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லடா" என்றான். சிரித்தான். "ஒண்ணுமில்ல. எல்லாரும் போங்க."

முதுகுக்குப் பின்னால் கண்ணாடி குளிர்ந்தது. கோட்டு மறைக்காமல் விட்ட ஓரத்தில், யூருனின் கை தன் சின்னக் கொடியைக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தது.