நாற்பது நிமிடச் சாட்சி

செவ்வூரணியின் ஊருணியை வைரவன் மூன்றாவது முறையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பட்டப்பகல் பதினோரு மணிக்கு வண்டியின் முன்விளக்குகள் எரிந்தன. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஏசியை முழு வேகத்தில் வைத்திருந்தான். படித்துறையில் துணி துவைத்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்த மனிதன் வந்து மின்சாரத்தைக் கரியாக்குவது அவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

அது அவன் வேலை. வயிறு நிறைந்தவன் சமையலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மின்கலம் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கிய வண்டிதான் சோதனைக்கு ஏற்றது என்பது சட்டம். முந்தின ஊர்ச் சோதனையில் ஏறிய மின்சாரத்தை அடுத்த ஊர் எல்லையில் எரித்துத் தீர்த்தாக வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு வெயிலில் வட்டமடிக்கிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவன் மனைவி சொல்வாள்.

இந்த உத்தியோகம் பிறந்த கதை கொஞ்சம் பழையது. பெட்ரோல் பங்க்குகள் மூடிய பிறகு சாலையெங்கும் விரைவு மின்னூட்டிகள் முளைத்தன. முளைத்ததில் பாதி வேலை செய்யவில்லை. கைப்பேசியில் பார்த்தால் வண்டியில் செருகும் நான்கு கன்களும் தயார் என்று பச்சை காட்டும். நேரில் போனால் ஒன்றில் திரை கறுத்திருக்கும், ஒன்றில் கன் பூட்டாது, இன்னொன்று பூட்டினால் விடாது, மிச்சமிருக்கும் ஒன்றின் முன்னால் ஏழு வண்டி நிற்கும். உதவி எண்ணை அழைத்தால், எங்கள் பதிவுப்படி எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்று ஒரு குரல் மிகுந்த அன்போடு சொல்லும். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் வளைகாப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அந்தக் காலத்தில் கேலி பேசினார்கள். இயந்திரத்தின் யோக்கியதையை இயந்திரமே அறிவித்துக்கொண்டதுதான் கோளாறு. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

கடைசியில் மின்சாட்சிச் சட்டம் வந்தது. ஒரு மின்னூட்டி வேலை செய்கிறது என்று இனி மனிதன்தான் சொல்ல வேண்டும். தன் வண்டியைக் கொண்டுபோய்ச் செருகி, மின்சாரம் ஏறுவதைக் கண்ணால் பார்த்து, பெருவிரல் வைத்துச் சொல்ல வேண்டும். இயந்திரம் எதைப் பதிந்திருந்தாலும் சாட்சியின் சொல்லே செல்லும். அதை வைத்துத்தான் வண்டிகளிலுள்ள வழியறிவி பாதை போடும். பதினைந்து நாளுக்குள் சாட்சி கிடைக்காத ஊருக்கு அது போகாது. போய்த் திரும்பும் அளவுக்கு மின்சாரம் இருந்தாலும் போகாது, காப்பீட்டுக்காரர்களின் கட்டளை அப்படி. ஸ்டியரிங் என்ற பொருள் இப்போது சாட்சிகளின் வண்டியில் மட்டும்தான் உண்டு. மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து ஊர்ப் பெயரைச் சொல்வதோடு சரி. அங்கே செல்ல வழியில்லை என்று வண்டி சொல்லிவிட்டால் இல்லைதான். அப்படி வழியில்லாமல் போன ஊர்கள் அந்த வட்டாரத்திலேயே பதினொன்று.

செவ்வூரணியில் இருந்தது ஒரே மின்னூட்டி. ஒரே டிரான்ஸ்பார்மர் வீடுகளையும் மாவு மில்லையும் மின்னூட்டியையும் சேர்த்துத் தாங்க வேண்டும். சாதாரண நாளில் வண்டியைச் செருகினால் மின்சாரம் சொட்டுச் சொட்டாக இறங்கும், முக்கால் மணி வேலை ஆறு மணி நேரம் இழுக்கும். வைரவன் செருகும்போது மட்டும் அறுபது கிலோவாட் பாயும். அவன் ஊருணியைச் சுற்றத் தொடங்கியதும் ஒயர்மேன் அந்தோணி டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஊருக்குரிய பீஸ் கட்டைகளைப் பிடுங்கிவிடுவான். சோதனை ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் செவ்வூரணியில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றாது. இதைப் பற்றி யாரும் வைரவனிடம் பேசியதில்லை, அவனும் கேட்டதில்லை. ஒரு சுற்றுப் போதும் என்றாலும் மூன்று சுற்று வருவான், அவ்வளவுதான்.

தான் பொய் சொல்லவில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மின்சாரம் பாய்ந்தது, பார்த்தான், சொன்னான். பத்தொன்பது ஆண்டுகளில் பாயாததைப் பாய்ந்தது என்று ஒருமுறைகூட விரல் வைத்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மின்னூட்டிக்குப் பக்கத்தில் ராக்குவின் டீக்கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. மின்னூட்டியைத் துடைத்துக் காவல் காப்பதும் அவள்தான். அவள் கணவன் சேதுபாண்டி, சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவன், கடை பெஞ்சில் உட்கார்ந்து வைரவனோடு ஊர்வம்பு பேசுவது வழக்கம். இன்று பெஞ்சு காலியாக இருந்தது. எங்கே என்று வைரவன் கேட்டதற்கு, உள்ளே படுத்திருக்கிறார் என்றாள்.

வைரவன் கன்னைச் செருகினான். திரையில் அறுபத்திரண்டு என்று வந்தது. அதன் பிறகுதான், வாய் கூசியபடி, புது விதியைச் சொன்னான். சாட்சி சொன்னதை நம்பிப் போன ஊர்களில் தவம் கிடக்கிறோம் என்று பயணிகள் புகார்மேல் புகாராக எழுதியிருந்தார்கள். செவ்வூரணியின் பெயரில் மட்டும் முப்பத்தாறு புகார். ஆகவே சோதனையின் நேரத்தை நீட்டிவிட்டார்கள். இடையில் ஐம்பது கிலோவாட்டுக்குக் கீழே இறங்கினாலோ, கன்னை உருவினாலோ சோதனை தோற்றது. மறு சோதனைக்குப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும்.

"எம்புட்டு நேரம்ணே?"

"நாப்பது நிமிசம். எனக்கே நேத்துதான் தெரியும்."

ராக்கு திரையைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக வைரவனின் எதிரிலேயே, அந்தோணியைக் கைப்பேசியில் அழைத்து, தான் சொல்கிறவரை கட்டையைப் போட வேண்டாம் என்றாள். வீட்டுக்குள் போனாள். ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. திரும்பி வந்து மின்னூட்டிக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நிமிடம் போனது. வெளியே வெயில் கொளுத்தியது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வேப்ப நிழலுக்கு வந்தார்கள். மில்காரர் முழங்கைவரை மாவோடு வாசலில் நின்றார். மருந்துக் கடைக்காரர் ஊசி மருந்துகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லாரும் அவ்வப்போது மின்னூட்டியின் திரைப் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். வைரவனுக்குத்தான் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இருபத்தோராவது நிமிடத்தில் பின்வீட்டிலிருந்து ஒரு கீச்சொலி கேட்கத் தொடங்கியது. யாருடைய கைப்பேசியோ என்று நினைத்தான். அது நிற்கவில்லை.

"ராக்கு, உள்ள என்னமோ கத்துது."

"தெரியும்ணே."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பத்து நாளாகச் சேதுபாண்டி பிராணவாயு இயந்திரத்தில்தான் இருக்கிறானாம். அதன் மின்கலம் இருபது நிமிடம் தாங்கும், ஐந்து நிமிடத்துக்கு அது தாராளம். மாற்றுச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மருத்துவ வண்டி வந்தால்தான் அடுத்தது கிடைக்கும்.

வைரவன் எழுந்துவிட்டான். "கட்டையப் போடச் சொல்லு, ராக்கு."

"போட்டா ஊரு போயிரும்ணே. செவ்வாக்கிழம வண்டி வராது. அதுக்கடுத்த செவ்வாயும் வராது. அப்ப கரண்டு போற ராத்திரியில எத வச்சு மூச்சு விடுவாரு?" அவள் குரல் உயரவே இல்லை. "நீ போயி உக்காரு, நான் தாங்கிருவேன்னு அவருதான் சொன்னாரு."

அவன் வண்டியிலிருந்தே அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கலாம். ஆனால் சோதனை நடக்கும்போது வண்டி வெளியே ஒரு பொட்டு மின்சாரமும் விடாது. கன்னை உருவினால்தான் விடும். எப்படிச் சுற்றி வந்தாலும் அதே முட்டுச் சந்துதான். திரையில் அறுபத்தொன்று. அந்த மின்னூட்டி அதன் ஆயுளில் இவ்வளவு ஒழுங்காக ஓடியதே இல்லை. உள்ளே சேதுபாண்டி இருமுவது கேட்டது. மறுபடி இருமினான். பிறகு அந்த இருமலும் நின்றுபோனது. கீச்சொலி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வைரவன் கன்னை உருவினான்.

திரை சிவந்தது. சோதனை தோல்வி, இருபத்து மூன்று நிமிடம். ராக்கு அவனைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. கைப்பேசியில் "போட்ரா" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கடையின் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கீச்சொலி நின்றது. வேப்ப நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், ஆனால் யாரும் கிட்டே வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மூச்சு வந்துவிட்டது, உதடுதான் இன்னும் நீலமாக இருக்கிறது என்றாள். பிறகு கோபமில்லாமல், ஒரு தகவலைப்போலச் சொன்னாள்: "அந்தச் செவ்வாக்கிழம வண்டிக்கு இந்த ஊருல பதினேழு பேரு காத்துக்கிட்டு இருக்காகண்ணே."

வைரவன் பெருவிரல் பதிக்கும் சாட்சிப் பலகையைக் கையில் எடுத்தான். நாற்பது நிமிடம் தடையின்றி மின்சாரம் பாய்ந்ததைக் கண்ணால் கண்டீர்களா என்று அது கேட்டது. கீழே இயந்திரத்தின் பதிவு சின்ன எழுத்தில் இருந்தது: இருபத்து மூன்று. இயந்திரம் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. ஆனால் அந்த எழுத்தை மேலே இருக்கிற யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கத் தேவையில்லை என்பதற்காகத்தான் சட்டமே வந்தது, அவனும் வந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபம் என்று பத்தொன்பது வருடமாக அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. ஆம் என்ற இடத்தில் பெருவிரலை வைத்தான். விரல் ஒரே முறையில் பதிந்தது, பலகை மறுபடி கேட்கவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

நன்றி, சாட்சியே என்றது பலகை. வரைபடத்தில் செவ்வூரணி பச்சையானது.

ராக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை போட மறந்திருந்தாள். பதினைந்து நாள் கழித்து என்ன செய்வது என்று கேட்டாள். அப்போதும் இதையேதான் செய்வேன் என்றான். அந்தப் பதில் அத்தனை விரைவாக வந்தது அவனுக்கே பிடிக்கவில்லை.

நெடுஞ்சாலைக்குப் போகும் கிளைச் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தது. எல்லா வண்டிகளையும்போல அதன் நெற்றியிலும் மிச்ச மின்சாரம் ஒளிர்ந்தது: ஆறு சதவீதம். உள்ளே ஒரு பெரியவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியில் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் உறை இருந்தது. பக்கத்தில் மகளாக இருக்கலாம், ஒரு பெண். நெடுஞ்சாலையிலேயே இன்னும் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் நல்ல மின்னூட்டி கிடைத்திருக்கும். ஆனால் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது என்று அரை மணிக்கு முன் ஒருவன் விரல் வைத்துச் சொல்லியிருந்தான். வழியறிவி அதைக் கேட்டு வண்டியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தது.

நிறுத்திச் சொல்லலாம். சொல்லி? இந்த ஆறு சதவீதத்தில் அவர்கள் இனி வேறு எங்கும் போக முடியாது. ராக்குவின் பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று வைரவனுக்குத் தெரியவில்லை.

சாட்சி வண்டியைக் கண்டால் கையைத் தூக்கி நன்றி சொல்வது அந்தச் சாலைகளில் வழக்கம். அவன் வண்டியிலிருந்த சாட்சிகளுக்கான மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. வைரவனுக்கு வெட்கமாக இருந்தது, வண்டிக்குள்ளேயே எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. அவனும் கையைத் தூக்கிக் காட்டினான்.