கீழே போகிறவன் கையில் கடையாணி

கிணற்றிலிருந்து மேலே வந்ததும் மனூசோஸ் கேட்ட முதல் கேள்வி, "கடையாணி எங்கே, ரொதாந்தி?"

ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றிப் புருஷனை மேலே தூக்கியதில் உள்ளங்கை எரிந்துகொண்டிருந்த ரொதாந்திக்கு, அது காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. லசீதி மேட்டுவெளியில் நடை பழகாத குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. கிணற்றின்மேல் நிற்கும், துணிப் பாய் கட்டிய இறைவைக் காற்றாடியிலிருந்து இறங்கும் கம்பியையும் கிணற்றுப் பம்பின் கம்பியையும் சேர்த்துப் பிடித்திருப்பது விரல் தடிமன் உள்ள ஓர் இரும்பாணி. கிணற்றில் இறங்குகிறவன் அதைத் தன் கையாலேயே உருவி, தன் இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டுதான் இறங்குவான். மேலே நிற்பது பெற்ற தாயானாலும் சரி, கோயில் பாதிரியாரானாலும் சரி, அவர்களை நம்பிக் கொடுக்க மாட்டான். ஆள் உள்ளே இருக்கையில் யாராவது மறதியில் மாட்டிவிட்டால், ஒருத்தன் திரும்பி நிற்கவே இடமில்லாத அந்தக் குழிக்குள் ஏறி இறங்கும் கம்பி அவனை இடித்தே கொன்றுவிடும். மனூசோஸின் சித்தப்பா அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

"உன் இடுப்புலதானே செருகின? நான் பார்த்தேனே."

அவன் இடுப்பைத் தடவினான். பிறகு சிரித்தான். "அப்ப கீழேயே இருக்கும். இருக்கட்டும் விடு. பசிக்குது, வா."

ஒரு திருகாணி உருண்டோடினாலே வானத்திலுள்ள புனிதர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தித் திட்டுகிற மனுஷன் அவன். இன்றைக்குக் கடையாணியையே தொலைத்துவிட்டுச் சிரிக்கிறான். கயிற்றை அழகாகச் சுருட்டி ராட்டினத்தில் மாட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். கிணற்றில் இடுப்பளவுத் தண்ணீர் உண்டு. அவன் பூட்ஸ் பட்ட இடத்தில் புழுதிதான் எழுந்தது, ஈரத்தைக் காணோம்.

ரொதாந்தி அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். தவக்காலத்திலிருந்து அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தவக்காலத்தில்தான் இதே கிணற்றில் மகள் மெல்போ விழுந்தாள். கிணற்றுக்கு மரமூடி உண்டு, குழந்தை தூக்க முடியாத கனம். அன்று அது எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. யார் எடுத்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த நாள் முதல் அவன் வாய்க்குப் பூட்டு, திறந்தால் வசவு. அவளுக்கோ அழுகையே வரவில்லை. ஊர்ப் பெண்கள் அதையும் பேசினார்கள். அடுப்பில் கை பட்டால், தோல் கொப்பளிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுட்டது என்று தெரிந்தது.

காற்றாடியின் பாய்களை அன்று சுருட்டியதுதான். வெளி முழுக்க மற்றவர்களின் காற்றாடிகள் வெள்ளைப் பாய் விரித்துச் சுற்ற, இவர்களுடையது மட்டும் எலும்பாக நின்றது. உருளைக்கிழங்குச் செடிகள் தலை தொங்கிப் படுத்த பிறகுதான், பம்புக்குள் தேய்ந்துபோன தோல் வளையத்தை மாற்றி மறுபடி ஓட்டலாம் என்று மனூசோஸ் இன்று இறங்கினான்.

மேசையில் வாற்கோதுமை ரஸ்க்கும் ஆலிவும் வைத்தாள். அந்த ரஸ்க்கைத் தண்ணீரில் நனைக்காமல் தின்றால் பல் போய்விடும். அவன் கூஜாவைத் தொடவே இல்லை. நறுக்கென்று கடித்து நிதானமாக மென்றான், கல்லைக் கல்லால் அரைக்கிற ஓசை வந்தது. புகையிலையும் வியர்வையுமாக அவன்மேல் எப்போதும் வீசுகிற வாடை இல்லை. வெயில் காணாத சுண்ணாம்புச் சுவரின் வாடை வந்தது.

"மெல்போவுக்குத் தட்டு வைக்கலையா?" என்றான்.

அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மரத்த காலில் ரத்தம் ஏறும்போது குத்துமே, அது போல ஏதோ அவள் நெஞ்சுக்குள் குத்தியது. வலிதான். ஆனாலும் வேண்டும் போலிருந்த வலி.

"கீழே பார்த்தேன் அவளை," என்றான், சந்தையில் யாரையோ பார்த்தது போல. "நல்லா இருக்கா. குளிருதாம், அவ்வளவுதான். தண்ணியை இறைச்சா ஏறி வந்துடுறேங்கிறா."

ரொதாந்தி எழுந்து வெளியே வந்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. வடகாற்று மலைக் கணவாய் வழியாக இறங்கத் தொடங்கியிருந்தது. தூரத்துப் பாய்கள் படபடக்கும் ஓசையும் எண்ணெய் காணாத அச்சுகளின் முனகலும் பூண்டு வயலின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. உச்சி சாய்ந்த வெயில், எல்லாரும் கண் அயர்கிற வேளை, வெளியில் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. அப்போது கிணற்றுக் குழாய் பேசியது.

டங்.

ஒரு தட்டு என்றால், தூக்கு என்று அர்த்தம். கீழே இருப்பவன் மேலே இருப்பவருக்குச் சொல்கிற பாஷை. அவள் குழாயில் கை வைத்தாள். டங். உள்ளங்கை அதிர்ந்தது.

"ரொதாந்தி! காதுல பஞ்சா அடைச்சிருக்க? தோலு மாத்தி எவ்வளவு நேரமாச்சு! கயிறு எங்கடி போச்சு? புனித எலியாஸோட கழுதை மேல சத்தியமா, இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன்னா தவளையாயிடுவேன்!"

மனூசோஸின் குரல். அவன் கோபம், அவன் இருமல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியே மேசையும், அதன்முன் குனிந்து மெல்லுகிற முதுகும் தெரிந்தன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். வெயில் நிறைந்த கண்ணுக்கு இருட்டு மட்டும்தான் தெரிந்தது. இருட்டுக்குள் யாரோ தண்ணீரில் கால் மாற்றி நிற்கிற ஓசை கேட்டது.

கயிற்றைக் கீழே விட வேண்டும். அதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. கை ராட்டினம் வரை போனது, அங்கேயே நின்றது.

"என்ன தங்கச்சி, வேலை முடிஞ்சுதா?" கோவேறு கழுதைமேல் பொலிதோரஸ் வந்துகொண்டிருந்தார். மெல்போவின் ஞானத்தகப்பன். அவளைக் கிணற்றிலிருந்து தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "மாப்ளே எங்கே?"

எந்தப் பக்கம் காட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவரே வீட்டு வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். அங்கே நின்றவன் பதிலுக்குக் கையை உயர்த்தினான்.

"அட, பல்லு தெரியுதே! மாப்ளே சிரிச்சா மலைமேல மழைதான். உள்ள இறங்கினதுல பேய் பிசாசு ஏதாவது தெளிஞ்சுடுச்சா?"

"அண்ணே, கிணத்துல ஏதாவது கேக்குதா, பாருங்களேன்."

காற்றாடிகளுக்கடியிலேயே காலம் தள்ளிக் காது பாதி போனவர். தலையைச் சாய்த்துக் கேட்டார். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது: டங், டங், "யாரு, பொலிதோரஸா? மச்சான்! மச்சான்!" அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"என் பெண்டாட்டி கத்துறதே எனக்குக் கேக்கறதில்ல, தங்கச்சி. குழாய்ல காத்து அடைச்சிருக்கும். புதுத் தோலு அப்படித்தான் இருமும். ஓட விடு, சரியாயிடும். ஏன் இன்னும் மாட்டாம வெச்சிருக்கீங்க?"

"கடையாணி உள்ளே விழுந்துட்டுதாம்."

"இதுக்கா இவ்வளவு நேரம்?" சேணப்பையைத் துழாவி ஒரு தடித்த ஆணியை எடுத்து அவள் கையில் வைத்தார். "போட்டு மாட்டு. ஆள்தான் மேல நிக்கிறானே, அப்புறம் என்ன பயம்? காத்து நல்லா வருது, விட்டுடாதே. கிழங்கு இன்னிக்குத் தண்ணி குடிக்கலைன்னா, நாளைக்கு ஆடு மேய்க்கலாம்." கழுதையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் முதுகு சின்னதாகிப் பாதை வளைவில் மறைகிற வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டிலிருந்தவன் வந்தான். ஏணியில் ஏறிப் பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். மனூசோஸ் அவிழ்த்தால் முடிச்சுக்கு ஒரு வசவு விழும். இவன் குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற பதத்தில் அவிழ்த்தான். துணி காற்றில் உப்பியது, சக்கரம் முனகிக்கொண்டு அசைந்தது, பம்போடு சேராத மேல்கம்பி வெறுமனே ஏறி இறங்கியது. அவன் இறங்கி வந்து பிரேக் கயிற்றைப் பிடித்தான். சக்கரம் நின்றது.

"நான் பிடிச்சுக்கறேன். நீ மாட்டு."

"நீயே மாட்டிடேன்."

"நான் மாட்டினா ஆகாது, ரொதாந்தி. நீதான் மாட்டணும்."

கீழே இருந்தவனுக்குப் பாயின் படபடப்பு கேட்டிருக்க வேண்டும். வசவு நின்றது.

"யாரது பாயை அவுத்தது?" மெதுவாகத்தான் கேட்டான். "ரொதாந்தி, மேல உன்கூட யாரு இருக்கா?"

அவள் இரண்டு கம்பிகளின் துளைகளையும் நேர்ப்படுத்தினாள். வேலை பழகிய கை தானாகவே செய்தது.

"கடையாணி என்கிட்ட இருக்கு! ஆள் உள்ள இருக்கேன்! எதையும் மாட்டாதே!"

ஆணியின் முனையைத் துளையில் வைத்தாள்.

"ரொதாந்தி." குரல் உடைந்தது. அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. "மூடியை நான்தான் எடுத்து வெச்சேன். ஒரு நிமிஷம்தான்னு நினைச்சேன். காப்பிக் கடையில பேச்சு இழுத்துடுச்சு. சொல்ல வாய் வரலை. நீ கேப்பேன்னு பார்த்தேன், கேக்கவே மாட்டேன்னுட்ட. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என்னை மேல தூக்கு. மேல வந்து உன் கால்ல விழறேன்."

இத்தனை மாதமும் அவள் காத்திருந்தது இதற்குத்தான். கேட்டது. உள்ளே எதுவும் அசையவில்லை.

"குளிருதுங்கிறா," என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஆணி உள்ளே போனது.

அவன் பிரேக் கயிற்றை விட்டான்.

சக்கரம் திரும்பியது. கம்பி ஏறியது. இறங்கியது. கீழே ஒரே ஒரு சத்தம், மாவு மூட்டையைத் தரையில் போட்டது போல. பிறகு ஓட்டம் சீரானது. ஏற்றம். இறக்கம். ஏற்றம். குழாய் இருமி, கக்கி, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. ரொதாந்தி கையை நீட்டினாள். லசீதியில் கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் பல்லைக் கூசவைக்கும்.

இது வெதுவெதுப்பாக இருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றாள். வாய்க்கால் நனைந்தது. செடிகளின் காலடியில் மண் கறுத்தது. மலை நிழல் வயலில் பாதிவரை வந்தது.

"இப்ப கயிறு," என்றான்.

அவளே விட்டாள். கயிறு ஓடும் கம்பியை உரசாமல் நேராக இறங்கியது. நின்றது. விறைத்தது. ராட்டினத்தைச் சுற்றினாள். கனமே இல்லை. ஒரு பூனையின் கனம். கல் விளிம்பில் விரல்கள். பிறகு தலைமுடி, அவள் பின்னிவிட்ட அதே பின்னல். பிறகு முகம்.

மெல்போ.

ரொதாந்தி அள்ளி எடுத்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மாதக்கணக்காக உறைந்து கிடந்தது எல்லாம் உடைந்து, அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, உரக்க, வெளியெல்லாம் கேட்கிற மாதிரி அழுதாள். அந்தச் சின்ன நெற்றியில் உதட்டை வைத்தாள். சுண்ணாம்பு வாடை.

அழுகை பாதியில் நின்றது.

கம்பி ஏறி இறங்குகிற இடைவெளியில், கிணற்றின் அடியிலிருந்து.

"அம்மா."

அவள் அசையவில்லை.

"அம்மா, அப்பா எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

கம்பி இறங்கியது. ஏறியது.

"அம்மா, இரும்பு என்னைத் தொடுது."

ரொதாந்தி ஒரு கையால் ஆணியைப் பற்றினாள். இழுத்தாள். காற்று இழுத்துக்கொண்டிருக்கும்போது ஆணி வராது. பிரேக்கை இழுத்துச் சக்கரத்தை நிறுத்தினால்தான் வரும். அவள் கை கம்பியோடு மேலே போனது, கீழே வந்தது. மேலே போனது. அவன் பிரேக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பொறுமையாக, பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கைகள் இறுகின. இன்னும் இறுகின.

வடகாற்று இப்போதுதான் முழு வேகம் எடுத்திருந்தது.