மணத்தட்டில் தண்டங்கீரை

விடியலிலிருந்து கூடை சுமந்த தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது பேச்சித்தாய்க்கு. வயிற்றில் நீராகாரம்கூட இல்லை. சந்தை வாசலில் வரிசை நத்தை நகரும் வேகத்தில்தான் நகரும். முன்னால் நின்றவன் கோஸ் மூட்டையோடு உள்ளே போய்விட்டான்.

அவள் முறை வந்ததும் வாசல்காரன் இசக்கிராஜ் வாடை பார்க்கும் ஈரமான மணத்தட்டின் ஒரு ஓரத்தில் அவளுடைய தண்டங்கீரையைக் கிள்ளி வைத்தான். எதிர் ஓரத்தில் வெறும் ஈரத்தாள். நடுவில் நத்தைகளை இறக்கினான். கொம்புகள் நீண்டு காற்றைத் துழாவின. ஒன்றுகூடக் கீரைப் பக்கம் திரும்பவில்லை.

“போச்சுக்கா. ரெண்டாந்தடவ.”

மூக்குச்சுரம் வந்துபோன பிறகு மனிதருக்கு வாசனை கிடையாது. நல்லெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. மண்ணில் பரவிய கரும்பூஞ்சை செடிக்குள் ஏறினால் கண்ணுக்குப் பிடிபடாது, வாடை மட்டும் மாறும். அதைத் தின்று ஊர் ஊராகச் செத்த பின்னால், நத்தை ஏறாத இலையை விற்கக்கூடாதென்று சட்டம் வந்தது. ஏறாதது சுண்ணாம்புக் குழிக்கு. மூன்றாம் தடவையும் ஏறாவிட்டால் நிலமே பறிபோகும்.

பேச்சித்தாய் நகரவில்லை. “ஏல இசக்கி, இதுகளுக்கு என்ன தீனி போடுத?”

“கோஸ் எலதான். மண்டியில சும்மா கெடக்குல்லா.”

“பொறந்ததுலேருந்தா?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“கோஸ்காரன், அதுக்கு இனமான முள்ளங்கிக்காரன் எல்லாம் உள்ள போறான். கீரைக்காரி மட்டும் வெளிய நிக்கா. எங்கீரையப் பாத்து நீ யாருன்னு கேக்குதுலே உன் நத்தை.”

“நத்தை மேல கேசு போடுதா பேச்சி!” வரிசையில் ஒருவன் சிரித்தான்.

அவள் ஒரு கைப்பிடிக் கீரையைப் பச்சையாக வாயில் திணித்து மென்று விழுங்கினாள். சிரிப்பு நின்றது.

“செத்தா என்னையுங் குழியில கொட்டு. சாகலேன்னா, இதுகளுக்குத் தீனி நாந்தான் போடுவேன்.”

நத்தைக்கு என்ன தீனி என்று சட்டத்தில் இல்லை. இசக்கிராஜ் தலையைச் சொறிந்தபடி தொட்டியைத் தள்ளிக் கொடுத்தான்.

மூன்று நாள் வாசலோரம் சாக்கு விரித்துக் கிடந்தாள். முதலில் நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டன. பட்டினி முற்றியதும் ஒன்று கடித்தது, பிறகு மற்றவையும். அவை தின்ற கீரையையே அவளும் தின்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டில் இறக்கியபோது எல்லாக் கொம்புகளும் கீரைப் பக்கமே சாய்ந்தன.

வரிசை விசிலடித்தது. இசக்கிராஜ் முகம் மட்டும் செத்துக் கிடந்தது.

“யக்கா, அப்ப இதுக நல்லது கெட்டது சொல்லலியா? தின்னு பழகுனதத்தான் சொல்லுதா?”

“அப்படித்தான் தெரியுது.”

“நான் உள்ள விட்ட கோஸு கெட்டிருந்தா?”

உள்ளே சனம் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் தொட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

“எல்லா எலையையும் தின்னப் பழக்கு. அதுக்கு மேலயும் ஒதுக்குனாத்தான் சந்தேகம். நாளைக்கே தீனி கொண்டாரேன்.”

“பழக்கலாங்கா. செல்லக்கனி கீரையையும் இந்தத் தட்டுதான தள்ளிச்சு?”

பேச்சித்தாயின் கை கூடைமேல் நின்றது. மூன்று தடவை தள்ளிய கணக்கில் செல்லக்கனியின் பாத்தியைப் பறித்த சந்தை வாரியம் அதைப் பக்கத்துப் பாத்திக்காரியான இவளுக்குத்தான் கொடுத்தது. இன்று தேறிய கீரையில் பாதி அந்த மண்ணில் முளைத்தது. செல்லக்கனி பிள்ளைகளோடு உப்பளத்துக்குப் போய்விட்டாள்.

“உப்பளத்துக்கு எப்ப வண்டி?” என்றாள்.

இசக்கிராஜ் கைகாட்டினான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். செல்லக்கனிக்கு அவள் ஒரு பாத்தி நிலம் கடன்பட்டிருந்தாள். அது இன்னும் தீரவில்லை.