போதகர் ஃபென்விக்கின் காலி இழுப்பறை

காலை 9.20.

போதகர் அமரையா ஃபென்விக்கின் மேசை இழுப்பறையைத் திறந்த அவர் மனைவி கெசாயா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஒன்றுமில்லை. பதினேழு வருடமாக அவர் எழுதிவந்த வாழ்க்கை வரலாறு இல்லை. பிரசங்கங்கள் இல்லை. கெசாயாவின் இருமல் கஷாயக் குறிப்பும் சலவைத் துணிப் பட்டியலும்கூட இல்லை. பக்கத்து அறையில் போதகர் சவப்பெட்டியில் படுத்திருந்தார். பதினொரு மணிக்கு அடக்க ஆராதனை.

கோட்டு தைக்கும் ப்ரூடென்ஸைக் கூப்பிட்டார்கள். தொலைந்ததைத் தேடித் தருவதில் அவளுக்கு அந்த ஏரித் துறைமுகத்தில் ஒரு பெயர் உண்டு.

"பூட்டை உடைக்கல. சாவி எங்க இருந்துச்சு, கெசாயாம்மா?"

"அவர் கழுத்துல. இப்பவும் அங்கதான் இருக்கு."

"காலைல அவர்கிட்ட யார் போனது?"

"குளிப்பாட்டி உடுத்த ரெண்டு பேர். சபை ஊழியம் பாக்குற டீக்கன் ஏனோக்கும் முடிவெட்டுற லைசாண்டரும்." கெசாயா குரலைத் தாழ்த்தினாள். "அடிமைத்தனத்துலேருந்து தப்பி வந்தவங்கள்ல யாரை எங்க ஒளிச்சு வச்சாருங்கறதெல்லாம் தன் வாழ்க்கைக் கதையில எழுதியிருப்பாரு. எனக்கே காட்டல. விடுதியில செவ்வாய்க்கிழமையிலேருந்து ஆள்பிடிக்கிறவங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க, ப்ரூ."

பத்து மணிக்குள் சேதி பரவிவிட்டது. தெற்கிலிருந்து தப்பி வந்த பதினொரு குடும்பங்கள் மூட்டை கட்டின. நான்கு மணிப் படகில் ஏரி தாண்டிக் கனடா. நவம்பர் குளிரில், அங்கே கூரை தர ஆளில்லாமல். அதில் ஒன்று ப்ரூடென்ஸின் அக்கா குடும்பம். கைக்குழந்தைக்கு மூன்று மாதம்.

10.15. லைசாண்டர் ஒளிக்கவில்லை.

"நான் சவரக்கத்தி எடுக்கக் கடைக்குப் போனப்ப ஏனோக் தனியா இருந்தாரு. அவரு கோயிலைச் சூடாக்குற அடுப்பை மூட்டப் போனப்ப நான் தனியா இருந்தேன். சந்தேகப்படணும்னா ரெண்டு பேர் மேலயும் படு. ஆனா எனக்கெதுக்கு சிஸ்டர் இன்னும் காகிதம்? கடைக்கு வர்றவனுக்கெல்லாம் செய்தித்தாளை உரக்கப் படிச்சுக் காட்டியே என் தொண்டை போகுது."

10.50. கோயிலுக்குள் என்றுமில்லாத சூடு.

"டீக்கன், இன்னைக்குத்தான் உங்களுக்கு விறகு போட மனசு வந்துதா?" என்று ஒருத்தி குத்தினாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ஏனோக் சிரிக்கவில்லை.

பாட்டுப் புத்தகம் வைத்திருக்கும் டீக்கன் ஒரு வரி சொல்ல, சபை அதை வாங்கிப் பாடுவது வழக்கம். கெசாயா, போதகர் கடைசியாக எழுதிய சீட்டை ஏனோக்கிடம் நீட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். கல்லறைப் பாட்டின் முதல் வரியைச் சொன்னார். சபை தேம்பிக்கொண்டே பாடியது.

மதியம் 1.40. கல்லறைத் தோட்டத்தில் கெசாயா மெல்லச் சொன்னாள்: "எனக்கு அழுகைப் பாட்டு வேண்டாம், செங்கடல் தாண்டுற பாட்டுதான் வேணும்னு அந்தச் சீட்டுல எழுதியிருந்தாரு. பாவம், ஏனோக் துக்கத்துல மாத்திட்டாரு."

ப்ரூடென்ஸ் நின்றுவிட்டாள்.

2.30. கோயிலில் ஏனோக் அடுப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பெயர்களைத் தேடி வந்தவன் போதகர் வாழ்க்கையை எழுதின காகிதக் கட்டை மட்டும் எடுத்திருப்பான்," என்றாள் ப்ரூடென்ஸ். "கஷாயக் குறிப்பு அவனுக்கு எதுக்கு? எது எதுன்னு தெரியாத ஆள்தான் எல்லாத்தையும் வாரிட்டுப் போவான். லைசாண்டருக்குப் படிக்கத் தெரியும். நீங்க அந்தச் சீட்டைப் பார்த்தீங்க, படிக்கல. இத்தனை வருஷமும் புத்தகம் சும்மாதான் உங்க கையில இருந்துச்சு. பாட்டெல்லாம் மனப்பாடம். எடுத்தது நீங்கதான், டீக்கன்."



"அங்க தெற்குல அடிமை எழுத்தைத் தொட்டா முதுகுத்தோலை உரிப்பாங்கம்மா. இங்க வந்தா டீக்கன் ஆக்கிட்டாங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது? என் மக டார்கஸ் பேரு அதுல இருக்கும்னு பயந்தேன். எந்தத் தாள்னு தெரியல. யார்கிட்டயும் கேக்கவும் முடியல." அடுப்பைப் பார்த்தார். "போட்டுக்கிட்டே இருந்தேன். சனங்க வந்துட்டாங்க. மிச்சம் விறகுப் பெட்டிக்கு அடியில இருக்கு."

ஆறு தாள்கள். ப்ரூடென்ஸ் உரக்கப் படித்தாள்.

"'ஒரு தகப்பன், பெயர் ——, தன் மகளை, பெயர் ——, முதுகில் கட்டிக்கொண்டு உறைந்த ஆற்றைத் தாண்டினான்.'"

பெயர் வரவேண்டிய இடமெல்லாம் கறுப்புக் கோடு. ஆறு தாளிலும் இருந்தது ஒரே பெயர்: ஹெஸ்டர், போதகரின் தாய். செத்துப்போனவள். இனி யாரும் அவளைப் பிடிக்க முடியாது.

"அப்ப என் மக பேரு இல்லவே இல்லையா?"

"யார் பேரும் இல்ல, டீக்கன்."

ஏனோக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

3.10. யார் பெயரும் வெளியே போகவில்லை, படகேற வேண்டாம் என்று சொல்ல லைசாண்டர் துறைக்கு ஓடினான். ப்ரூடென்ஸ் அளவு எழுதும் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பிரித்தாள்.

"அவர் வாழ்க்கை போயிடுச்சு. அதை யாரும் கேட்டதில்ல. பிரசங்கங்களை நீங்க கேட்டிருக்கீங்க."

"ஒண்ணு விடாம."

"பாட்டு சொல்ற மாதிரி வரி வரியா சொல்லுங்க."

அவர் ஒரு வரி சொன்னார். எழுதினாள். அடுத்த வரி. எழுதினாள். மூன்றாவது வரியில் பாதியில் நின்றுவிட்டார்.

"மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. இந்த இடத்துல அவரு இருமுவாரு. தண்ணி குடிப்பாரு."

ப்ரூடென்ஸ் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.