கங்கா நிறுத்திவைத்த ஆட்டம்

கேசட் ஓடி முடிந்து கம்ப்யூட்டர் திரையில் ஆட்டத்தின் நீலக் குகை தோன்றிய நொடியில், குளியலறையில் யாரோ இருமினார்கள்.

சிவானந்தம் திரும்பிப் பார்த்தான். மனைவி கலாவதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. போய்க் கதவைத் திறந்தான். குழாய் இறுக மூடியிருந்தது. ஆனால் தரை முழுக்க ஈரம். அழுகிய இலையும் உப்பும் சேறும் கலந்த ஆற்று வாடை, வெகுநேரம் கதவுக்குப் பின்னால் காத்திருந்ததுபோல் அவன் முகத்தில் வந்து அப்பியது.

கோலாசிலாங்கூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன், ஒன்பது வயது மகள் கங்காவுக்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினான். அதன் முதுகில் செருகிய சிறு பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஆட்டம் அப்படியே உறையும். அந்த நிலையைக் கேசட்டில் பதிந்துவிட்டால், எத்தனை முறை வேண்டுமானாலும் அதே இடத்திலிருந்து தொடரலாம். ஏழு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு மாலை கங்கா, நீருக்கடியில் நீந்தும் சின்ன உருவத்தைக் குகைக்குள் நிறுத்திப் பதிந்துவிட்டு, "அழிச்சிறாதீங்கப்பா, வந்து முடிக்கிறேன்" என்றாள். மின்மினி பார்க்க ஆற்றோரக் கம்போங் குவாந்தானுக்குப் போனார்கள். படகுத்துறைப் பலகையில் அவள் கால் வழுக்கியது. மறுநாள்தான் கிடைத்தாள்.

அன்றிலிருந்து கடை மூடி வந்ததும் அந்தக் கேசட்டைத்தான் போடுவான். அந்த உருவத்துக்கு மூச்சு மூன்றே மிச்சம். பன்னிரண்டு விநாடியில் தீர்ந்து, உருவம் மல்லாந்துவிடும். அவன் எந்த விசையையும் தொடுவதில்லை. மகளின் விரல் கடைசியாக விட்ட இடம் அது, பார்த்தால் போதும். தினம் இரண்டு முறை, மூன்று முறை. இருமல் கேட்டது இதுவே முதல் தடவை.

மறுநாளும் போட்டான். இருமல். பிறகு தண்ணீரைக் கை அறையும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தான். ஈரம் மட்டும்.

மூன்றாம் நாள் இருமல் கேட்டும் அவன் எழவில்லை. விசைகளை அழுத்தி உருவத்தை மேலே இழுத்தான். பாறையில் முட்டியது. மூச்சு இரண்டு. வலப்பக்கம் திருப்பினான். ஒன்று.

"அப்பா... மூச்சு முட்டுதுப்பா..."

உருவம் மல்லாந்தது. குளியலறையில் குரல் அறுந்தது.

அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறை கேசட் ஓடும்போதும் அவள் மறுபடி தண்ணீருக்குள் போகிறாள். ஏழு வாரம். நூறு தடவைக்கு மேல்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"குரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இனி போடவே கூடாது, கலா."

"அவ குரல்தானா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு செக்கன்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகத்தில் ஏழு வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. கேசட்டை எரிக்க அவனுக்குக் கை வரவில்லை. எரித்தால் மகளுக்கு என்ன ஆகுமோ. பிஸ்கட் தகரத்தில் போட்டு அலமாரி மேல் ஒளித்தான்.

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. மத்தியானமே மோட்டார் சைக்கிளை எடுத்தான். வாசலில் இறங்கும்போதே கேட்டது: கேசட்டிலிருந்து ஆட்டம் ஏறும்போது எழும் அந்தக் கிறீச்சொலி.

கம்ப்யூட்டர் இருந்த அறை உள்ளே தாழிட்டிருந்தது.

"கலா! நிறுத்து லா! கதவத் தொற!"

கிறீச்சொலி நின்றது. குளியலறையில் தண்ணீர் அறையும் சத்தம். இருமல்.

"அம்மா... வேணாம்மா... மறுபடியும் வேணாம்மா..."

"அம்மா இங்கதான்டா இருக்கேன்." கதவுக்குப் பின்னால் கலாவதியின் குரல் தாலாட்டுப்போல் குழைந்திருந்தது. "பேசு தங்கம். பேசிக்கிட்டே இரு."

இருமல் அறுந்தது.

கேசட் பின்னோக்கிச் சுழலும் சத்தம். மறுபடி கிறீச்சொலி.

தோளால் கதவை இடித்தான். அசையவில்லை. காலடியில் சில்லென்றது. குனிந்தான். குளியலறைக் கதவின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து வந்தது. கிறீச்சொலி நின்றது. அந்த இடுக்கு வழியே ஐந்து சிறு விரல்கள், ஊறி வெளுத்து, தோல் உரிந்து, வெளியே நீண்டு சிமெண்டுத் தரையைப் பிறாண்டின.

விழுந்து பிடித்தான். குளிர்ந்த விரல்கள் அவன் விரலை இறுகப் பற்றின.

பத்து. பதினொன்று.

உள்ளே இழுபட்டன. அவன் உள்ளங்கையில் ஒரு சின்ன நகம் மட்டும் தங்கியது.

அறைக்குள் கேசட் பின்னோக்கிச் சுழன்றது.