பகலில் படுப்பவர்

அறைக்கு வந்த நாளிலிருந்து குணாளனை உறுத்தியது தலையணைதான். மாலை ஆறு மணிக்குக் கல்லூரி முடிந்து கணபதி பகுதியிலிருந்த அறைக்குத் திரும்பி, நிலைக்கு மேலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால், எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். தலையணை மட்டும் சூடாக இருக்கும்.

வீட்டுக்காரி கருப்பாத்தாள் ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு விட்டிருந்தாள். பகல், மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஆறுச்சாமிக்கு. இரவு குணாளனுக்கு. அதனால் பாதி வாடகை. மலேசியாவிலிருந்து அப்பா அனுப்பும் ரிங்கிட் அந்த வருடம் மதிப்பிழந்து கிடந்தது. கல்லூரி இருந்த பீளமேட்டில் வெளிநாட்டு மாணவன் என்றாலே பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். இந்த அறையும் போனால் கடைசி வருடப் படிப்பை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆறுச்சாமியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பேச்சுவாக்கில் மில்லின் பேரைச் சொன்னபோது டீக்கடை அக்பர் அலி சிரித்துவிட்டார்.

"அந்த மில்லுங்களா தம்பி? அது மூடி வருசக்கணக்காச்சுங்களே!"

போய்ப் பார்த்தான். கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியச் செடிகள். ஆனாலும் கருப்பாத்தாளிடம் கேட்கவில்லை. கேட்கப்போய், காலி பண்ணச் சொல்லிவிட்டால்?

அந்த வெள்ளிக்கிழமை காய்ச்சல் தாங்காமல் மதியமே திரும்பிவிட்டான். சாவி நிலைக்கு மேலேதான் இருந்தது. அப்படியென்றால் உள்ளே ஆளில்லை. கதவைத் தாழிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் துகள்கள் மெல்ல இறங்கிப் போர்வையிலும் இமையிலும் ஒட்டின. தலையணை சுட்டது. காய்ச்சலால்தான் என்று சொல்லிக்கொண்டான்.

வெளியே செருப்புச் சத்தம். கருப்பாத்தாள்.

"ஏனுங்க தம்பி, இது அவரு நேரமாச்சுங்களே."

"காய்ச்சல் அக்கா. இன்னிக்கு ஒருநாள் மட்டும். என்னை அனுப்பிடாதீங்க அக்கா."

"நான் எங்க கண்ணு அனுப்பறேன்?" குரல் தணிந்தது. "அவருக்கும் போக வேற எடமில்லீங்க. பாத்துப் படுத்துக்கங்க."

செருப்புச் சத்தம் நகர்ந்து போனது.

பிறகு இருமல். வறண்ட, நீண்ட இருமல்.

அறைக்குள்.

முதுகுக்குப் பின்னால் கட்டில் விளிம்பு தாழ்ந்தது. போர்வை இழுபட்டது. எழுந்து ஓடலாம். ஓடி?

எங்கே போவது?

குணாளன் கண்களை இறுக மூடிக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டான்.

தலையணையின் மறுபாதி மெல்ல அமுங்கியது.