வெள்ளைக் குவியல்

மணிச் சத்தம் வர வேண்டிய பக்கத்திலிருந்து வரவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில், மகளைப் புதைத்த மண் கையில் காயாமல் நின்ற டூகல்தான் அதை முதலில் கவனித்தான். சவ ஊர்வலத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு வரும் கைமணி அது. வடக்குப் பள்ளத்தாக்கு ஆட்கள் கிழவன் லாக்லனின் பெட்டியைச் சுமந்துகொண்டு மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருக்க வேண்டும். சத்தமோ மூடுபனிக்குள் எங்கோ தாழ்வாக, கறுப்புச் சதுப்பின் பக்கம், ஈரத்துணியில் சுற்றியதுபோல் மழுங்கிக் கேட்டது.

"பந்தயத்துல உன் மவ ஜெயிச்சிட்டாடா," என்று அவனுடைய அண்ணன் நீல் விஸ்கிக் குடுவையை நீட்டினான். "இனி அந்தக் கிழவன் நிக்கட்டும் வாசல்ல. உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் நின்னு வேலை பாத்திருப்பானா?"

மகளின் பெட்டியைச் சுமந்து வந்த ஆட்கள் மெல்லச் சிரித்தார்கள். டூகலுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியாகப் புதைக்கப்பட்டவரின் ஆவிதான் அடுத்த பிணம் வரும்வரை வாசலில் காவல் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், யார் முந்துவது என்று பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அடித்துக்கொள்வார்கள். மகள் மொராகுக்கு ஏழு வயது. மாட்டுத் தொழுவத்துக்குக்கூட அப்பாவின் சுண்டுவிரலைப் பிடிக்காமல் போகமாட்டாள். அவள் தனியாக நிற்பதா?

பெற்ற மனம் பித்து. அதனால்தான் காலையில் அந்தக் காரியத்தைச் செய்தான். மேட்டுப் பாதை திரும்பும் இடத்தில் சுண்ணாம்பு அடித்த கற்குவியல் ஒன்று உண்டு. பாட்டன் காலத்திலிருந்தே வெள்ளைக் குவியல் என்று பெயர். பனி இறங்கினால் வழிப்போக்கருக்கு அதுதான் கண். அந்தக் கற்களை ஒவ்வொன்றாகச் சுமந்து, கீழே, சதுப்புக்குள் இறங்கும் பழைய தடத்தின் தொடக்கத்தில் அடுக்கிவிட்டு வந்தான். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரட்டும், ஒரு மணி நேரம் பிந்தினால் போதும். அவ்வளவுதான் நினைத்தான்.

மணி மறுபடி அடித்தது. தாறுமாறாக. கூடவே ஒரு கூச்சல்.

"ஐயோ, சதுப்புல இறங்கிட்டானுங்கடா!" நீல் குடுவையை வீசிவிட்டுப் பாய்ந்தான். "எல்லாரும் வாங்க! வெள்ளைக் குவியல் வரைக்கும் ஓடுவோம், அங்கேருந்து கயிறு போட்டுக்கலாம்!"

டூகல் வாயைத் திறந்தான். போகாதே, குவியல் அங்கே இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். "அண்ணே" என்று குரல் எழும்பியபோது பனி அவர்களை மூடிவிட்டது.

அவன் தனியாக நின்றான். தூரத்தில் யாரோ கத்தினார்கள். பிறகு இன்னொருவர். பிறகு மணி நின்றது.

வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லாக்லன் வரமாட்டான். யாருமே வரமாட்டார்கள். இந்த வாசலுக்குக் கடைசியாக வந்த பிணம் அவன் மகள்தான்.

அழுகிய புல்லும் பழைய தண்ணீரும் கலந்த வாடை மதிலோரமாக எழுந்தது. சளக். சளக். சீரான நடை. சுமை தூக்கியவர்களின் நடை.

முதுகுக்குப் பின்னால் கம்பிக் கதவின் தாழ்ப்பாள் கிளுக்கென்றது. அவன் போட்ட தாழ்ப்பாள்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. சுமந்தவர்களின் வாயில் சேறு. கண்ணிலும் சேறு. மதிலைத் தடவிக்கொண்டே வாசலைக் கடந்து போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடி கடந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் இன்னும் சிலர், கயிற்றைப் பிடித்தபடி. கயிற்றின் நுனியில் நீல்.

"அப்பா."

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, மிக அருகில்.

"இவங்க வழி கேக்குறாங்கப்பா. உனக்குத்தான் தெரியுமாம்."

சேறு அப்பிய முகங்கள் எல்லாம் ஒன்றாக அவன் பக்கம் திரும்பின. கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை நீண்டு, மண்ணும் ஈரமுமாக, அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.